சித்தப்பாவின் இடது கண்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு காதுகுத்து போட்டோ இருக்கிறது. 2011 தை மாதம், தங்கை மகளுக்குக் காது குத்திய அன்று எடுத்தது. தாய்மாமன் என்பதால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், பின்னால் சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள், வலது ஓரத்தில் சித்தப்பா. அவருடைய இடது கண் மட்டும் பாதி மூடின மாதிரி இருக்கும். ஃபிளாஷ் அடித்தபோது கண் சிமிட்டிவிட்டார் என்றுதான் நாங்கள் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். சிமிட்டினால் இரண்டு கண்ணும் சேர்ந்துதானே மூடும்? வலது கண் நன்றாகத் திறந்திருக்கிறது. இந்தச் சின்ன விஷயம் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அந்தப் போட்டோ எடுத்த இரண்டாம் நாள் காலையில் அவருக்கு வாதம் அடித்தது. அப்போது அவருக்கு 41 வயது. பி.பி. கிடையாது, சர்க்கரை கிடையாது, வெற்றிலை பாக்குகூடப் போட மாட்டார்.

சித்தப்பா ரைடிங் பாய். வெளியாட்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன், ரேஸ் அன்று கலர் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுகிற ஜாக்கி வேறு, தினமும் விடியற்காலையில் இருட்டு பிரிவதற்கு முன்பே குதிரைகளை டிராக்குக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பழக்குகிற ரைடிங் பாய் வேறு. ஐம்பது வயதானாலும் பாய்தான். சித்தப்பா பதினான்கு வயதில் லாயத்துக்குப் போனவர், கொஞ்சநாள் அப்ரென்டிஸ் ஜாக்கியாக ஓட்டினார், அப்புறம் எடை ஏறிவிட்டதால் ரேஸில் வாய்ப்பு நின்றுபோய் டிராக் வொர்க்கோடு சரி. எந்த ஊர், யாருடைய லாயம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நான் எழுத வந்தது அவர்களைப் பற்றி இல்லை.

விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. குதிரை நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது டிராக் ஓரத்துத் தடுப்புக் கம்பிக்கு அடியில் இருந்து ஒரு நாய் குறுக்கே ஓடியிருக்கிறது, குதிரை மிரண்டு ஒரு தோளைத் தாழ்த்தித் திரும்பிவிட்டது, இவர் அதன் கழுத்துக்கு மேலாகப் பறந்து போய்த் தலையும் தோளுமாக விழுந்து ஒரு சுற்று உருண்டிருக்கிறார். எழுந்து நின்றார். பேசினார். இன்றைக்கு என்ன கிழமை, இது எத்தனை விரல் என்று கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னார். கை கால் அசைந்தது. ஹெல்மெட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. கழுத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். கழுத்தின் இடது பக்கம், காதுக்குக் கீழே, தாடை வரைக்கும் ஒரு வலி மட்டும் இருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறார், காறை எலும்பு இரண்டு முறை உடைந்திருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்றுதான் அவரும் நினைத்தார்.

மறுநாள் சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் போனார். லாயத்தில் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள், நல்ல மனிதர், காசுகூடச் சரியாக வாங்க மாட்டார். எண்ணெய் போட்டு நீவி, தலையை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. சித்தப்பாவுக்கு அப்போது கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. இதை சித்தி எங்களிடம் சொன்னதே ஆஸ்பத்திரியில்தான்.

வெள்ளிக்கிழமை காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. சித்தி கேட்டதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தவருக்கு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு வந்து, கழுத்தில் மூளைக்கு ரத்தம் போகிற குழாய் உள்பக்கமாகக் கிழிந்திருக்கிறது, ஐந்து நாள் முன்பு விழுந்தாரே, அதில்தான் கிழிந்திருக்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நானும் நம்பவில்லை. வெளியே ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஐந்து நாள் சாப்பிட்டார் தூங்கினார் விசேஷத்துக்கு வந்தார், பந்தியில் பரிமாறினார். உள்ளே குழாய் கிழிந்தவர் இப்படி இருப்பாரா? பில் ஏற்றுவதற்காகச் சொல்கிறார்கள் என்று என் பெரியப்பா வெளிப்படையாகவே சொன்னார்.

எனக்கு நம்பிக்கை வந்தது 2014 நவம்பரில். ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பிலிப் ஹியூஸை நினைவிருக்கும். சிட்னி மைதானத்தில் 63 ரன்னோடு ஆடிக்கொண்டிருந்தவர், ஒரு பவுன்சரை ஹூக் செய்யப் போய்ப் பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே கழுத்தின் இடது பக்கத்தில் பட்டது. ஒரு சில நொடி நின்றார், அப்புறம் முகம் குப்புற விழுந்தார். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 27 அன்று, இறந்துபோனார். 26-வது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. கழுத்தின் பின்பக்கம் ஏறுகிற வெர்டிப்ரல் தமனி கிழிந்து மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்ததுதான் காரணம் என்று பேப்பரில் வந்தது. அதைப் படித்துக்கொண்டே வந்தவன் டிசெக்‌ஷன், அதாவது குழாயின் சுவர் உள்பக்கமாகக் கிழிவது, என்ற வார்த்தையில் நின்றுவிட்டேன். அந்த இளம் டாக்டர் சொன்ன அதே வார்த்தை. அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, ஆனால் வீட்டில் ஒருவருக்கு நடந்துவிட்டால் நம்மால் படிக்காமல் இருக்க முடிவதில்லை.

கழுத்தில் மூளைக்குப் போகிற பெரிய குழாய்கள் நான்கு. முன்பக்கம் இரண்டு புறமும் ஒவ்வொன்று, கரோட்டிட் தமனி, தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிப்பது அதுதான். பின்பக்கம் இரண்டு வெர்டிப்ரல் தமனிகள், கழுத்து எலும்புகளின் பக்கவாட்டில் இருக்கிற துளைகள் வழியாக, மணியில் நூல் கோத்த மாதிரி ஏறிப்போகின்றன. மேலே முதல் இரண்டு எலும்புகளுக்குப் பக்கத்தில் வளைந்து நெளிந்து மண்டைக்குள் நுழைகிற இடம், நாம் தலையைத் திருப்பும்போதெல்லாம் இழுபடுகிற இடம். கரோட்டிட்டும் அப்படித்தான், தலை பின்னால் சாய்ந்து ஒரு பக்கமாகத் திருகினால் மேல் கழுத்து எலும்புகளின் மேல் அழுந்தி இழுபடுகிறது.

வாழைத்தண்டை உரித்தால் பட்டை பட்டையாக வருமே, ரத்தக்குழாயின் சுவரும் அப்படி மூன்று அடுக்கு. கழுத்து வேகமாக இழுபட்டுத் திருகும்போது சில சமயம் உள் அடுக்கு மட்டும் லேசாகக் கிழிகிறது. வெளி அடுக்கு அப்படியே இருப்பதால் ரத்தம் வெளியே வராது. கிழிந்த வாய் வழியாக அடுக்குகளுக்கு நடுவில் ரத்தம் புகுந்து அங்கே உப்புகிறது, நடுவில் ரத்தம் போகிற பாதை குறுகுகிறது. அதைவிட ஆபத்து, கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாவது. அந்தக் கட்டியில் ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போய் மூளையில் அடைத்தால் ஸ்ட்ரோக். அது விழுந்த ஒரு மணி நேரத்திலும் நடக்கலாம், ஒரு வாரம் கழித்தும் நடக்கலாம். நடுவில் இருக்கிற அந்த நாட்களில் ஆள் நடமாடிக்கொண்டிருப்பார். சித்தப்பா பரிமாறின சாம்பாரை நான் சாப்பிட்டேன்.

மொத்த ஸ்ட்ரோக் நோயாளிகளில் இப்படிக் கழுத்துக் குழாய் கிழிந்து வந்தவர்கள் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இளவயதிலும் நடுவயதிலும் ஸ்ட்ரோக் வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 10 முதல் 25 சதவீதம் வரை போகிறது. எல்லோரும் அடிபட்டவர்கள் இல்லை, சிலருக்குக் காரணமே இல்லாமலும் கிழிகிறது. அடிபட்டு வருகிறவர்களில் கார் விபத்துதான் அதிகம். குதிரையில் இருந்து விழுவதும் அதே இழுப்பு, அதே திருகல்தான்.

ஜாக்கி உட்காரும் விதத்தை யோசித்துப் பாருங்கள். உட்காருவது என்றே சொல்ல முடியாது, கால் வைக்கிற அங்கவடியைக் குட்டையாகக் கட்டிக்கொண்டு அதன்மேல் குந்தியபடி, முதுகைக் குதிரைக்குச் சமமாகப் படுக்கையாக வைத்துக்கொண்டு, முன்னால் பார்ப்பதற்காகத் தலையை மட்டும் நிமிர்த்திக்கொண்டிருப்பார். டாட் ஸ்லோன் என்ற அமெரிக்க ஜாக்கி 1897 வாக்கில் இங்கிலாந்துக்குப் போய் இப்படி ஓட்டினபோது குரங்கு மாதிரி இருக்கிறான் என்று சிரித்தார்களாம், அப்புறம் அவன் ஜெயிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். குதிரையின் குலுக்கலை ஜாக்கி தன் முழங்காலில் வாங்கிக்கொள்வதால் குதிரைக்குச் சுமை குறைகிறது. அந்தக் காலத்தில் பந்தய நேரமே 5 முதல் 7 சதவீதம் குறைந்தது என்று 2009-ல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. வேகத்துக்கு நல்லது, சரி. ஆனால் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற அரை டன் மிருகத்தின் மேல், பிடிமானம் என்று பார்த்தால் இரண்டு பாதமும் ஒரு கடிவாளமும்தான். குதிரை திடீரென்று நின்றாலோ திரும்பினாலோ ஆள் தலை முன்னாலாகத்தான் போவார், அதுவும் ஏற்கெனவே பின்னால் மடங்கியிருக்கிற கழுத்தோடு.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தடை தாண்டுகிற ஜம்ப் ரேஸ் உண்டு, அதில் சராசரியாகப் பதினைந்து இருபது சவாரிக்கு ஒருமுறை ஜாக்கி விழுகிறார். சமதளத்தில் ஓடுகிற ஃபிளாட் ரேஸில் விழுவது மிகவும் குறைவு, ஆனால் விழுந்தால் அடிபடுகிற வாய்ப்பு அதைவிட அதிகம். நம் ஊர் ரேஸ் எல்லாம் ஃபிளாட்தான்.

கழுத்து என்றால் எல்லோருக்கும் எலும்பும் தண்டுவடமும்தான் ஞாபகம் வரும். அதில் தப்பில்லை. 2013 மார்ச்சில் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் பந்தயத்தில் முதல் தடையிலேயே விழுந்த அயர்லாந்து ஜாக்கி ஜே.டி. மக்னமாராவுக்குக் கழுத்தின் மூன்றாவது, நான்காவது எலும்புகள் முறிந்து கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது, மூன்று வருடம் அப்படியே இருந்து 2016-ல், 41 வயதில், இறந்தார். அந்த மாதிரி பெரிய அடியில் ஒரு விதத்தில் யாரும் ஏமாறுவதில்லை. மேல் மூன்று கழுத்து எலும்புகளில் முறிவு இருந்தாலே ரத்தக்குழாயையும் ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும் என்று டென்வர் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, விபத்துப் பிரிவு டாக்டர்களுக்குத் தெரியும். என் கவலை எல்லாம் எலும்பு முறியாதவர்களைப் பற்றித்தான். எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரியாது. சாதாரண சி.டி. ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி எடுக்கிற சி.டி. ஆஞ்சியோ என்று தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும், அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ. ஆஞ்சியோ என்றதும் இதயம் என்று நினைத்துக்கொள்கிறோம், கழுத்துக்கும் அது உண்டு.

அப்புறம் அந்தக் கண். இமையைத் தூக்கிப் பிடிக்கிற, கண்மணியை விரிக்கிற நரம்பு இழைகள் சில, நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக ஏறி, கரோட்டிட் தமனியின் சுவரைச் சுற்றிக்கொண்டுதான் மேலே போகின்றன. சுவர் உப்பினால் அந்த இழைகள் நசுங்கும். அந்தப் பக்கத்து இமை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கும், கண்மணி சிறுத்துப் போகும். ஹார்னர் சிண்ட்ரோம் என்று பெயர். கழுத்தில் அடிபட்டவருக்கு ஒரு பக்கக் கழுத்து வலி, அதே பக்கம் தலைவலி, அதே பக்கம் இமை இறக்கம் என்றால் அது கரோட்டிட் கிழிந்ததற்கான எச்சரிக்கை. எல்லோருக்கும் எல்லா அறிகுறியும் வராது. சிலருக்குக் காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து உஸ் உஸ் என்று சத்தம் கேட்கும், சிலருக்கு ஒரு கண்ணில் திரை போட்ட மாதிரி இருட்டி விலகும். பின்பக்கக் குழாய் என்றால் பிடரி வலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நடை தள்ளாட்டம். சித்தப்பாவுக்கு வலியும் இமையும் இருந்தன, சுளுக்கு எடுக்கும்போது கண் இருட்டவும் செய்தது. மூன்றும் எங்கள் வீட்டுக்குள்ளேயேதான் இருந்தன. அந்தப் போட்டோவை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

லாயத்தில் ஒருவனுக்குத் தலை சுற்றினால் பட்டினி என்பார்கள், எடைக்காகச் சாப்பிடாமல் இருக்கிறவர்கள் என்பதால் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். தலைவலி என்றால் வெயில் என்பார்கள். கழுத்து வலி என்றால் சுளுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. இப்போதெல்லாம் தலையில் அடிபட்டால் கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி, இருக்கிறதா என்று பார்ப்பது எல்லா விளையாட்டிலும் வந்துவிட்டது, நல்ல விஷயம், ஆனால் கிழமையும் விரலும் கேட்கிற அந்தச் சோதனையில் கழுத்துக் குழாய் கிழிந்தவர் நூற்றுக்கு நூறு வாங்கி பாஸ் ஆகிவிடுவார். மூளைக்கு அப்போது ஒன்றும் ஆகியிருக்காது.

ஹெல்மெட் மண்டையைக் காப்பாற்றும். உள்ளே போடுகிற பாதுகாப்பு வெஸ்ட் விலாவையும் முதுகையும் காப்பாற்றும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கழுத்துக்கு ஒன்றும் கிடையாது. ஹியூஸுக்குப் பிறகு கிரிக்கெட் ஹெல்மெட்டின் பின்னால் கழுத்துக் காப்பு வந்தது, 2023 அக்டோபரிலிருந்து ஆஸ்திரேலியாவில் வேகப்பந்தை ஆடும்போது அது கட்டாயம். ஆனால் அது நேராக வந்து படுகிற பந்துக்கானது. குதிரைக்காரனின் கழுத்து கிழிவது பெரும்பாலும் இழுப்பிலும் திருகலிலும், அதை அட்டை வைத்துத் தடுக்க முடியாது. குதிரையில் தடை தாண்டும் ஈவென்டிங் போட்டிகளில், சேணத்தோடு ஒரு கயிறு இணைத்து, ஆள் தூக்கி எறியப்பட்டதும் காற்று நிரம்புகிற வெஸ்ட் போடுகிறார்கள், சில வகைகளில் கழுத்தைச் சுற்றியும் உப்பும். முழுத் தீர்வு என்று அதைச் சொல்ல மாட்டேன். இதில் கருவியைவிட விழுந்த பிறகு வருகிற ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் முன்கூட்டியே கண்டுபிடித்தால் வைத்தியம் எளிது. பெரும்பாலும் ஆஸ்பிரின் மாதிரியான மாத்திரை, அல்லது ரத்தம் உறையாமல் வைக்கிற வேறு மருந்து. எது மேல் என்று பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கேடிஸ் என்ற பெயரில் 250 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2015-ல் முடிவு வந்தது, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கிழிந்த சுவர் பலருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் தானாக ஆறிவிடுகிறது. ஆஸ்பிரின் எவ்வளவு மலிவு என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்த மூன்று மாதம் குதிரை ஏற முடியாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் மறுபடி தலையில் அடிபட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து அதுவே உயிரைக் குடித்துவிடும். ஓட்டினால்தான் காசு என்றிருக்கிறவனிடம் போய் மூன்று மாதம் சும்மா இரு என்றால், வலியைச் சொல்லாமல் மறைப்பதுதான் நடக்கும். சித்தப்பாவும் சொன்னதில் பாதியை மறைத்திருப்பார் என்றுதான் சித்தி இன்றைக்கும் நினைக்கிறார்.

சுளுக்கு எடுத்தவரை நான் குறை சொல்லவில்லை. விழுந்ததிலேயே கிழிந்திருக்க வேண்டும், திருப்பியதில் அது பெரிதாகியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரே சொன்னார். ஆனால் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன், குதிரையோ பைக்கோ படிக்கட்டோ, எதிலிருந்து விழுந்திருந்தாலும் அந்தக் கழுத்தைக் கொண்டுபோய் யார் கையிலும் கொடுத்துத் திருப்பச் சொல்லாதீர்கள். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து மடக்கென்று சொடக்கு எடுப்பார்களே, அதுவும் வேண்டாம். கழுத்தை அப்படித் திருப்புவதற்கும் இந்தக் கிழிசலுக்கும் தொடர்பு காணப்படுகிறது, அதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை, ஆனாலும் செய்துகொள்வதற்கு முன் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2014-ல் அறிக்கையே விட்டது. நான் அன்றிலிருந்து சலூனில் உட்கார்ந்ததும் முதலில் சொல்வது இதைத்தான்.

சித்தப்பா இப்போது நடக்கிறார், வலது காலைக் கொஞ்சம் இழுத்து. வலது கை பாதிதான் திரும்பியது. பேச்சு வாக்கியமாக வருவதில்லை, ஒவ்வொரு சொல்லாக, தேடித் தேடி எடுத்து வைப்பார். பேரன் பேர் மறக்கும், அவர் ஓட்டின குதிரைகளின் பெயர் எதுவும் மறக்கவில்லை.

போன மாதம் அவருடன் லாயத்தில் வேலை செய்தவரின் மகன் போன் செய்தான். அவனும் ரைடிங் பாய்தான், வேறு ஊரில். அண்ணே, நேற்று விழுந்துட்டேன், எக்ஸ்ரே நார்மல், கழுத்து ஒரு பக்கம் மட்டும் இதுக்கு முன்னாடி வராத மாதிரி வலிக்குது, நீங்க சித்தப்பா விஷயம் சொன்னது ஞாபகம் வந்தது என்றான். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், இரண்டு கண்ணும் சமமாகத்தான் இருந்தது, இருந்தாலும் நான் விடவில்லை. டாக்டரிடம் விழுந்த விதத்தை முழுதாகச் சொல்லு, கழுத்துக்கு சி.டி. ஆஞ்சியோ எடுக்கலாமா என்று நீயே கேள், தயங்காதே என்றேன். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டான். நான்கு குழாயும் நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது.

"எட்டாயிரம் ரூபா போச்சுண்ணே" என்றான். குரலில் வருத்தம் தெரிந்தது, அவனுக்கு அது சின்னப் பணம் இல்லை. ஜி.பே நம்பரை அனுப்பு, பாதி நான் போடுகிறேன் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா போனை வாங்கி, கொஞ்ச நேரம் வார்த்தையைத் தேடிவிட்டு, "கழுத்து... திருப்பாதே" என்றார்.